எடை குறைந்த டவுன்ஹில் ஃப்ரேமும் அதற்கேற்ற ஷாக்கும்: அளந்து, கழற்றி, மாட்டிப் பார்த்த அனுபவம்

என் டவுன்ஹில் சைக்கிளில், அதாவது மலைச்சரிவில் கல்லும் பாறையுமான தடத்தில் இறங்குவதற்கென்றே செய்த வண்டியில், முதலில் வந்தது சத்தம்தான். இறக்கத்தில் பின்சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி ஒரு கிறீச். பேரிங்கில் மண் போயிருக்கும் என்று நினைத்து, பிவட் (பின்பகுதி மடங்கும் மூட்டு) போல்ட்டுகளை எல்லாம் கழற்றித் துடைத்து, புது கிரீஸ் வைத்து மாட்டினேன். சத்தம் போகவில்லை. அப்புறம் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங்ஆர்மை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தபோது, பிவட்டை ஒட்டிய வெல்டிங் ஓரத்தில் முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அழுக்காக இருக்கும் என்று மறுபடி துடைத்தேன். கோடு அப்படியே இருந்தது. நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தேன், நகம் சிக்கியது. விரிசல்தான்.

வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாமே என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த ஃப்ரேம் 6061 அலுமினியம். செய்யும்போதே சூளையில் வைத்துப் பதமேற்றிய உலோகம் அது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் இறங்கிவிடும். மறுபடி முழு ஃப்ரேமையும் சூளையில் வைத்துப் பதமேற்றினால்தான் பழைய வலு திரும்பும். பின்சக்கரம் 200 மி.மீ. மேலே போய்வரும், அதாவது 200 மி.மீ. டிராவல் உள்ள வண்டியில், பாறைகளுக்கு நடுவே இறங்கும்போது, நம்பி நிற்கக்கூடிய ஒட்டு அல்ல அது. ஃப்ரேமை மாற்றுவது என்று முடிவு செய்தேன். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், எடையையும் குறைத்துவிடலாம் என்ற ஆசையும் அப்போதே வந்துவிட்டது.

வண்டியை முழுதாகத் தொங்கு தராசில் மாட்டினேன்: 17.4 கிலோ. டவுன்ஹில் வண்டிக்கு இது அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி எடைபோட்டு ஒரு நோட்டில் எழுதினேன். ஷாக் (பின்சக்கரத்தின் அதிர்வை விழுங்கும் பாகம்) இல்லாத ஃப்ரேம் 3.9 கிலோ. ஷாக் 500 கிராம், அதன் மேல் சுற்றியிருந்த 450 பவுண்டு (ஓர் அங்குலம் அமுக்கத் தேவையான விசை) இரும்பு ஸ்பிரிங் மட்டும் 550 கிராம். உள்ளே ட்யூப் போட்ட சக்கரங்கள். ஒரு டவுன்ஹில் ட்யூப் 350 கிராம். பத்து கியர் கேசட் (பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு).

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தது நல்லதாகப் போயிற்று. எடை என்றவுடன் நம் கண் நேராக ஃப்ரேமுக்குப் போகிறது. ஆனால் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் எடை இரண்டு வகை: ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எடை, கீழே தொங்கும் எடை. பின்சக்கரம், டயர், கேசட், டிஸ்க், பிரேக் காலிப்பர், டெரெய்லர், ஸ்விங்ஆர்மின் பெரும்பகுதி எல்லாம் கீழே சேரும். கல்லில் மோதும்போது மேலே எகிற வேண்டியது இவை. கல்லைத் தாண்டியதும் சட்டென்று இறங்கித் தரையைப் பிடிக்க வேண்டியதும் இவையே. என் பழைய வண்டியின் பின்பக்கத்தில் இது 5.5 கிலோ இருந்தது. மேலே இருப்பது நானும் என் கவசங்களும் வண்டியின் மிச்சமும் சேர்ந்து 84 கிலோ சொச்சம். ஃப்ரேமில் 650 கிராம் குறைத்தால் மேலே ஒரு சதவீதம்கூடக் குறையாது. பின்சக்கரத்தின் பக்கம் 500 கிராம் குறைத்தால் கீழே 9 சதவீதம் குறைகிறது. முட்டியை மடக்கி நிற்பதால் ஆளின் எடை முழுவதும் ஃப்ரேமோடு இறுகி இருப்பதில்லை என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் கவனம் எங்கே போக வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது.

தேடியதில் இரண்டு ஃப்ரேம்கள் கைக்கு எட்டின. ஒன்று அலுமினியம், ஷாக் இல்லாமல் 3.6 கிலோ. இன்னொன்று கார்பன், 2.95 கிலோ. கார்பன் தாங்குமா என்ற கேள்வி இப்போது பழசாகிவிட்டது. சாந்தா க்ரூஸ் வி10 என்ற டவுன்ஹில் வண்டியின் கார்பன் வடிவம் 2010-இல் வந்தது. 2012, 2013 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டு டவுன்ஹில் வீரர் கிரெக் மினார் உலகச் சாம்பியன் ஆனது அந்த வண்டியில்தான். நன்றாகச் செய்த கார்பன் ஃப்ரேம் நன்றாகவே தாங்கும். கல் அடித்த இடத்தை ஒவ்வொரு முறையும் கழுவிப் பார்க்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

அளவுப் பொருத்தம் பார்ப்பது எளிது, அரை நாள் வேலை. பின் ஆக்சில் 157க்கு 12, என் ஹப்பும் அதுவே. பாட்டம் பிராக்கெட் 83 மி.மீ., என் கிராங்க் பொருந்தும். ஹெட் ட்யூப் கீழே அகலமாக, மேலே குறுகலாக, இரண்டிலும் ஒரே மாதிரி. செயின் கைடு மாட்டும் மூன்று துளைகள் இரண்டிலும் இருந்தன. பின்னால் 27.5 அங்குலம், முன்னால் 29 என்று கலந்து போடுவதற்கு இரண்டும் இடம் கொடுத்தன. 2019-க்குப் பிறகு போட்டிகளிலும் அனுமதி கிடைத்துவிட்டதால் அந்த அமைப்பு இப்போது சாதாரணமாகிவிட்டது. எனக்கும் அதுதான் வேண்டும். என் உயரத்துக்குப் பின்னால் 29 போட்டால், செங்குத்தான இடத்தில் பின்னுக்குச் சாயும்போது டயர் கால்சட்டையில் உரசுகிறது.

ஷாக் அமுங்கும் தூரமான ஸ்ட்ரோக்கும் இரண்டிலும் 75 மி.மீ. ஷாக்கின் நீளத்தோடு சேர்த்துச் சொன்னால் அலுமினியத்தில் 250க்கு 75, இரண்டு முனையிலும் கண் (போல்ட் நுழையும் துளை) வைத்தது. கார்பனில் 225க்கு 75, ஒரு முனையில் ஷாக்கின் தலையிலேயே இரண்டு பக்கமும் போல்ட் ஏறும் ட்ரனியன் வகை. பழைய ஃப்ரேம் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016-இல் மெட்ரிக் அளவுகள் வருவதற்கு முன்பு 241க்கு 76, 267க்கு 89 என்று அங்குலக் கணக்கில் வந்த அளவுகள்தான் இருந்தன. 250-ஐ 241 இருந்த இடத்தில் திணித்தால் வண்டியின் உயரமும் கோணமும் மாறிவிடும்.

எடையையும் அளவையும் மட்டும் பார்த்தால் கார்பனைத்தான் எடுத்திருப்பேன். முடிவை மாற்றியது அடுத்து செய்த வேலை.

லீவரேஜ் ரேஷியோவை அளந்தது

பின்சக்கரம் எத்தனை மி.மீ. மேலே போனால் ஷாக் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்ற விகிதம்தான் லீவரேஜ் ரேஷியோ. 200 மி.மீ. டிராவலுக்கு 75 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் சராசரி 2.67. இந்தச் சராசரியை விளம்பரத்திலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த விகிதம் ஆரம்பத்தில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஆரம்பத்தில் 3-க்கு மேல் இருந்து கடைசியில் 2.4-க்கு இறங்கினால், முதலில் மெத்தென்று அமுங்கி, போகப் போக இறுகும். ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி இருந்தால், கடைசி வரை அதே இளக்கத்தோடு போய் அடியில் முட்டும்.

அளப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. ஃப்ரேமை ஸ்டாண்டில் அசையாமல் பிடித்துக்கொண்டேன். ஸ்பிரிங்கைக் கழற்றிய காயில் ஷாக் (சுருள் ஸ்பிரிங் வகை) ஒன்றை மாட்டினேன். ஸ்பிரிங் இல்லாததால் கையால் தூக்கினாலே ஸ்விங்ஆர்ம் மேலே வரும். கார்பனுக்கு நண்பனிடமிருந்து ஒரு ட்ரனியன் ஷாக்கை வாங்கிக்கொண்டேன். 20 மி.மீ. கனத்தில் பலகைத் துண்டுகளை அறுத்துவைத்து, ஒவ்வொன்றாக ஆக்சிலுக்குக் கீழே அடுக்கினேன். ஒவ்வொரு முறையும் ஷாக்கின் இரண்டு போல்ட் மையங்களுக்கு நடுவே 300 மி.மீ. வெர்னியரை வைத்து அளந்தேன்.

முதல் நாள் எடுத்த அளவுகளை அப்படியே கிழித்துப் போட்டேன். காரணம் இதுதான்: 20 மி.மீ. பலகைக்கு ஷாக் 6.5 மி.மீ. அமுங்கினால் விகிதம் 3.08. அதையே தவறுதலாக 7 என்று படித்தால் 2.86. அரை மி.மீ. பிசகு மொத்தப் படத்தையும் மாற்றிவிடுகிறது. மறுநாள் போல்ட் மையத்துக்குப் பதிலாக போல்ட்டுகளின் வெளி விளிம்புகளை அளந்து, பிறகு விட்டத்தைக் கழித்தேன். விளிம்பில் வெர்னியர் வாய் உறுதியாக உட்காரும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொண்டேன்.

அலுமினிய ஃப்ரேமில் முதல் பலகைக்கு 6.5, கடைசிப் பலகைக்கு 8.4. அதாவது 3.08-இல் தொடங்கி 2.38-இல் முடிகிறது, சுமார் 22 சதவீத இறுக்கம். ஸ்ட்ரோக் முடிந்தபோது ஆக்சில் 203 மி.மீ. ஏறியிருந்தது. கார்பனில் முதல் பலகைக்கு 7.2, கடைசிக்கு 7.8. 2.78-இல் தொடங்கி 2.56. 8 சதவீதம்தான்.

இந்த எண்களுக்குப் பொருள் இருக்கிறது. காயில் ஸ்பிரிங் நேர்கோட்டில் வேலை செய்வது. முதல் அங்குலத்துக்கு 350 பவுண்டு என்றால் இரண்டாம் அங்குலத்துக்கும் இன்னொரு 350. இறுக்கத்தை ஃப்ரேம்தான் கொடுக்க வேண்டும். ஏர் ஷாக்கில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்று அப்படியில்லை. அடைத்த அறையில் அமுக்க அமுக்க அதுவே இறுகும். போதவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் துண்டு போட்டு அறையைச் சிறிதாக்கலாம். எனவே 8 சதவீத ஃப்ரேமில் காயில் மாட்டினால் பெரிய குதிப்பு ஒவ்வொன்றிலும் அடியில் முட்டும். அது ஏர் ஷாக்குக்குப் பிறந்த ஃப்ரேம். 22 சதவீத ஃப்ரேமில் சின்ன அறை கொண்ட ஏர் ஷாக்கை மாட்டினால் இறுக்கத்தின் மேல் இறுக்கம் சேர்ந்து, கடைசி 30 மி.மீ. டிராவல் பயன்படாமலே கிடக்கும். ஃப்ரேமைத் தேர்ந்தெடுக்கும்போதே ஷாக்கின் வகையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டு, லேசானதையும் லேசானதையும் சேர்ப்பது சரிப்படாது என்று இந்த வேலையில்தான் எனக்கு உறைத்தது.

காற்றா, ஸ்பிரிங்கா

ஆகவே இப்போது போட்டி இரண்டு ஜோடிகளுக்கு நடுவில்: கார்பனும் ஏர் ஷாக்கும் ஒருபுறம், அலுமினியமும் காயில் ஷாக்கும் மறுபுறம். ஏர் ஷாக் 650 கிராம். காயில் ஷாக்கின் உடல் 480 கிராம். அதற்கு வழக்கமான இரும்பு ஸ்பிரிங் 460 கிராம், மெல்லிய கம்பியில் செய்த லேசான ரகம் 310 கிராம். டைட்டானியம் ஸ்பிரிங்கும் உண்டு. டைட்டானியத்தின் அடர்த்தி இரும்பை விட மிகக் குறைவு. முறுக்கு விறைப்பும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் என்பதால், அதே கடினத்துக்குக் குறைவான சுற்றுகளே போதும். லேசாக இருப்பதற்கு இரண்டும் சேர்ந்த காரணம். ஆனால் உயர்வலு இரும்புக் கம்பியில் செய்யும் லேசான ஸ்பிரிங்குகள் வந்த பிறகு இடைவெளி குறுகிவிட்டது. 310 கிராம் ஸ்பிரிங்கோடு காயில் ஷாக் மொத்தம் 790. ஏர் ஷாக்கோடு வித்தியாசம் 140 கிராம்தான். ஃப்ரேம் வித்தியாசம் 650-ஐயும் சேர்த்தால், ஜோடிக்கு ஜோடி 790 கிராம்.

அந்த நண்பனின் வண்டி இதே கார்பன் ஃப்ரேம்தான், ஏர் ஷாக்கோடு. "மேலே தள்ளிக்கிட்டுப் போறப்பதான்டா அந்த முக்கால் கிலோவோட அருமை தெரியும்" என்பான். உண்மைதான், தோளில் தூக்கிப் பார்த்தால் உடனே தெரிகிறது. அவன் வண்டியை ஒரு நாள் முழுக்க வாங்கி, எனக்குப் பழக்கமான நீண்ட தடத்தில் இறங்கினேன். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓயாத கல். மேல்பாதியில் அருமையாக இருந்தது. காற்று அளவையும் ரீபவுண்டையும் (அமுங்கிய ஷாக் திரும்பி வரும் வேகம்) என் எடைக்குச் சரிசெய்ய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பம்பு இருந்தால் போதும், ஸ்பிரிங் மாற்றும் தொல்லை இல்லை. கீழ்ப்பாதியில்தான் பின்சக்கரம் உதைக்க ஆரம்பித்தது. மேலே விழுங்கிய அதே அளவுக் கற்களில் இப்போது துள்ளியது.

கீழே வந்ததும் ஷாக்கைத் தொட்டேன். கையை வைத்திருக்க முடியவில்லை. அகச்சிவப்பு வெப்பமானி 62 டிகிரி காட்டியது. மேலே கிளம்பும்போது 24. அடைத்த காற்றின் அழுத்தம் அதன் சூட்டோடு ஏறும். அதைக் கணக்கிட கெல்வினில் பார்க்க வேண்டும். 297-இலிருந்து 335, அதாவது கிட்டத்தட்ட 13 சதவீதம். 180 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பியிருந்தால், வெளிச்சுவரின் சூட்டையே உள்காற்றின் சூடாக எடுத்துக்கொண்டாலும் கீழே வரும்போது 205-ஐத் தொட்டிருக்கும். பம்பை மாட்டி நேராக அளக்க முடியாது, மாட்டும்போதே கொஞ்சம் காற்று பம்புக் குழாய்க்குள் போய்விடும். அதோடு எண்ணெயும் சூடேறி இளகுவதால் ரீபவுண்ட் வேகமாகிறது. காற்று இறுகுகிறது, அதைக் கட்டிப்பிடிக்க வேண்டிய எண்ணெய் இளகுகிறது. அந்தத் துள்ளலுக்கு இரண்டும் சேர்ந்த காரணம்.

காயில் ஷாக்கிலும் எண்ணெய் சூடேறத்தான் செய்யும். ஆனால் ஸ்பிரிங் மேலே இருந்தபடியேதான் கீழேயும் இருக்கும். தவிர, ஏர் ஷாக்கில் காற்றைப் பிடித்துவைக்கும் ரப்பர் சீல்கள் இறுக்கமாக இருந்தாக வேண்டும். காயிலில் அந்த உரசல் மிகக் குறைவு. பிரேக் பிடித்தபடி பொடிக் கற்கள் மேல் போகும்போது அந்த வேறுபாடு பாதத்தில் தெரியும். இரண்டு நிமிடத்தில் முடியும் தடங்களும், குதிப்புகள் நிறைந்த பார்க்குகளும் மட்டுமே என் வழக்கமாக இருந்திருந்தால் நானும் கார்பன், ஏர் என்றே போயிருப்பேன். என் தடங்கள் நீளமானவை, கரடானவை. அலுமினியத்தையும் காயிலையும் எடுத்தேன். முக்கால் கிலோவை வேறு இடத்தில் தேடிக்கொள்ளலாம்.

மாட்டும்போது பட்ட பாடு

ஷாக் வந்ததும் ஸ்பிரிங் போடாமல் முதலில் வெறும் உடலை மட்டும் மாட்டினேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. ஸ்விங்ஆர்மைக் கையால் முழு டிராவலுக்கும் மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் எது எதில் இடிக்கிறது என்று தெரியும். பக்கவாட்டு எண்ணெய்த் தொட்டி நடுவில் ஓர் இடத்தில் டவுன் ட்யூபுக்கு 3 மி.மீ. நெருக்கத்தில் வந்தது. ஆட்டத்தில் ஃப்ரேமும் லிங்க்கும் கொஞ்சம் நெளியும், 3 மி.மீ. போதாது. ஷாக்கைத் தலைமாற்றி மாட்டினேன். இடைவெளி 9 ஆனது. ரீபவுண்ட் குமிழ் மட்டும் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது, அதற்கு ஒரு சின்ன ஆலன் கீ வைத்துக்கொண்டேன். சக்கரத்தையும் மாட்டி, முழுதாக அமுங்கிய நிலையில் டயருக்கும் சீட் ட்யூபுக்கும் நடுவே விரல் போகிறதா, இருக்கையைத் தொடுகிறதா என்பதையும் பார்த்தேன். சீட் போஸ்டை இதற்காகவே கொஞ்சம் அறுத்தேன். 60 கிராம் அதிலும் போனது.

அடுத்தது போல்ட். மேல் போல்ட்டை விரலால் தள்ளினாலே போய் உட்கார்ந்தது. கீழ் போல்ட் பாதியில் நின்றது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் போயிருக்கும், ஆனால் கை நின்றுவிட்டது. ஷாக்கின் கண் ஃப்ரேமின் காதுகளுக்கு நேராக இல்லை என்றுதான் அதற்குப் பொருள். அப்படியே இறுக்கினால் ஒவ்வொரு அமுக்கத்திலும் தண்டு பக்கவாட்டில் வளைக்கப்படும். உள் புஷ் ஒருபக்கமாகத் தேய்ந்து எண்ணெய் கசிய ஆரம்பிக்கும். காயில் ஷாக்குக்கு இந்த நோய் சீக்கிரம் வரும், ஏனென்றால் ஏர் ஷாக்கில் பருமனான வெளிக்குழாய் தாங்கிக்கொள்ளும் பக்கவிசையை இதில் அந்த ஒற்றைத் தண்டே தாங்க வேண்டும். ஃபீலர் கேஜை வைத்துப் பார்த்தால் கண் ஒரு பக்கமாக 0.6 மி.மீ. தள்ளி இருந்தது. ஒரு பக்க ஸ்பேசரை உப்புத்தாளில் தேய்த்து, எடுத்த அளவுக்கு எதிர்ப்பக்கம் மெல்லிய வாஷர் வைத்தேன். மூன்றாம் முறை போல்ட் விரலால் போனது. அதன் பிறகு லாக்டைட் தொட்டு, ஃப்ரேமில் பொறித்திருக்கும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினேன்.

ஸ்பிரிங் கணக்கு

இணையத்தில் எடையைப் போட்டால் ஸ்பிரிங் எண் சொல்லும் கணிப்பான்கள் உண்டு. அவை சராசரி விகிதத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கையில் சொந்த அளவு இருக்கும்போது நானே போட்டுப் பார்த்தேன்.

வீட்டில் ஆள் நிற்கும் எடைத் தராசைப் பின்சக்கரத்தின் கீழ் வைத்து, முன்சக்கரத்துக்கு அதே உயரத்தில் பலகை கொடுத்தேன். ஹெல்மெட், கவசம், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, பெடலில் நின்று, இறங்கும்போது நிற்கும் அதே நிலையில் நின்றேன். நண்பன் தோளை விரல் நுனியால் தொட்டுப் பிடித்துக்கொண்டான். தராசு 57 கிலோ காட்டியது. அதில் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் 5 கிலோவைக் கழித்தால், ஸ்பிரிங் சுமப்பது 52.

ஏறி நின்றதும் வண்டி தானாக அமுங்கும் அளவைச் சேக் என்கிறோம். டவுன்ஹில்லுக்கு ஸ்ட்ரோக்கில் 30 சதவீதம் வாக்கில் வைப்பது வழக்கம். 75-இல் அது 22.5 மி.மீ. அந்த இடத்தில் என் ஃப்ரேமின் விகிதம் 2.85. ஆகவே ஷாக் மேல் விழும் விசை 52 பெருக்கல் 2.85, அதாவது 148 கிலோ, பவுண்டில் 327. அதை 22.5 மி.மீ., அதாவது 0.886 அங்குலத்தால் வகுத்தால் 369. எனக்கு வேண்டியது அங்குலத்துக்கு 369 பவுண்டு. கிடைத்த லேசான ரகத்தில் 350 இருந்தது, 400 இருந்தது. நடுவில் இல்லை.

பழைய 450 ஸ்பிரிங்கை வைத்துச் சமாளிக்கும் பேச்சே இல்லை. அதன் உள்விட்டம் புது ஷாக்கின் உடலைவிட ஒன்றரை மி.மீ. சிறியது, நுழையவே இல்லை. ஸ்பிரிங் வாங்கும்போது கடினம், நீளம் இரண்டோடு உள்விட்டத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் மேல் இரண்டு எண் எழுதியிருக்கும். முதல் எண் கடினம், இரண்டாவது அது எவ்வளவு அமுங்கலாம் என்பது. இரண்டாவது எண் ஷாக்கின் ஸ்ட்ரோக்குக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். குறைந்தால் ஷாக் அடியைத் தொடும் முன்னரே சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

350-ஐ வாங்கினேன். எழுதியிருக்கும் எண் உண்மைதானா என்று பார்க்க ஆசை வந்தது. பட்டறையில் கனமான மேசையின் இரும்பு விட்டத்துக்குக் கீழே தராசு, அதன் மேல் தட்டு, தட்டின் மேல் ஸ்பிரிங், மேலே இன்னொரு தட்டு, அதற்கும் விட்டத்துக்கும் நடுவே கார் ஜாக்கி. ஸ்பிரிங் பக்கவாட்டில் தெறித்தால் பல்லை உடைக்கும் என்பதால் நடுவே ஒரு குழாயைச் செருகி, கண்ணாடி அணிந்துகொண்டே செய்தேன். முதல் 10 மி.மீ. அமுக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, கடைசிச் சுற்றுகள் ஒழுங்காக உட்கார அது தேவைப்படும். அடுத்த 10 மி.மீ.க்குத் தராசில் ஏறிய எடை 65 கிலோ. 350 பவுண்டு என்றால் 62.5 தான் ஏறியிருக்க வேண்டும். 65 என்பது 364 பவுண்டு. எழுதியதைவிட 4 சதவீதம் கடினம். என் கணக்கு கேட்ட 369-க்கு அது கிட்டத்தட்ட வந்து நின்றது.

வண்டியில் மாட்டி, தண்டில் மெல்லிய கோடாகக் கிரீஸ் தடவி, ஏறி நின்று, மெதுவாக இறங்கி அளந்தேன்: 23 மி.மீ. கணக்கு சொன்னதும் 23-க்குச் சற்றுக் குறைவு. அன்றிரவு நோட்டை மூடி வைக்க மனமே வரவில்லை.

ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் ப்ரீலோட் வளையத்தை ஸ்பிரிங் ஆடாத அளவுக்குத் தொட வைத்து, அதற்கு மேல் ஒரே ஒரு சுற்று. ஸ்பிரிங் இளக்கமாக இருக்கிறதென்று வளையத்தை நான்கைந்து சுற்று இறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஸ்பிரிங் கடினமாவதில்லை. அமுங்கத் தொடங்கும் இடம் மட்டும் தள்ளிப்போய், சின்னக் கற்களுக்கு வண்டி அசையாமல் போய்விடும். இரண்டு சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் வேறு ஸ்பிரிங் வாங்குவதுதான் வழி.

தடத்தில்

ரீபவுண்டை ஒரே துண்டுத் தடத்தில் வைத்துத்தான் முடிவு செய்தேன். 400 மீட்டர், நடுவில் வேர்கள், ஒரு வளைவு, கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு இறக்கம். முழுதாகத் திறந்து ஒரு முறை, முழுதாக மூடி ஒரு முறை. திறந்தபோது இறக்கத்துக்குப் பின் பின்சக்கரம் இரண்டு முறை துள்ளியது. மூடியபோது வேர்கள் வரிசையாக வந்த இடத்தில் ஷாக் திரும்பி வர நேரமில்லாமல் அமுங்கியபடியே கிடந்து, நான்காவது வேரில் முதுகில் குத்தியது. இந்த இரண்டு தவறும் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு நடுவில் தேடுவது எளிதாக இருந்தது. மூடிய நிலையிலிருந்து 7 கிளிக்கில் நின்றேன். மறுநாள் நீண்ட தடத்தில், எண்ணெய் சூடேறிய பிறகு பார்த்து 6 ஆக்கினேன்.

கம்ப்ரஷனில் (ஷாக் அமுங்கும் வேகத்துக்கான தடை) அதிகம் கை வைக்கவில்லை. பெரிய குதிப்பில் ஒரு முறை அடி ரப்பரில் முட்டியது, சத்தம் கேட்டது. வேகமான அடிகளுக்கான கம்ப்ரஷனை இரண்டு கிளிக் கூட்டியதும் முட்டுவது நின்றது, கற்களில் மென்மையும் போகவில்லை. ஃப்ரேமின் அந்த 22 சதவீதம் இங்கேதான் கைகொடுத்தது.

அந்த முக்கால் கிலோவைத் தேடிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரேமில் 300 கிராம், ஷாக்கிலும் ஸ்பிரிங்கிலும் 260. ட்யூபுகளை எடுத்துவிட்டு ட்யூப்லெஸ் திரவம் ஊற்றியதில் ஒரு சக்கரத்துக்கு 240, இரண்டுக்கும் 480. பத்து கியர் கேசட்டை ஏழாக்கியதில் 170. இறக்கத்தில் அந்தப் பெரிய பற்சக்கரங்களை நான் தொட்டதே இல்லை. முன்டயரை ஒரு படி மெல்லிய சுவருள்ளதாக மாற்றியதில் 200. பின்டயரில் கை வைக்கவில்லை. அங்கே கனமான டவுன்ஹில் சுவர்தான் வேண்டும். லேசான டயர் போட்டு ரிம்மை நசுக்கிக்கொண்ட ஒருவரின் சக்கரத்தை நானே நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன். சீட் போஸ்டில் 60. கூட்டினால் 1,470 கிராம். வண்டி இப்போது 15.93 கிலோ. நண்பனின் கார்பன் வண்டி 15.1.

அதே நீண்ட தடம், அதே வெயில். கீழே வந்து ஷாக்கைத் தொட்டேன்; இதுவும் சூடாகத்தான் இருந்தது, 55 டிகிரி. ஆனால் கடைசி ஒரு நிமிடத்தில் பின்சக்கரம் முதல் நிமிடத்தில் நடந்துகொண்ட மாதிரியே நடந்துகொண்டது. நண்பனும் என் வண்டியை வாங்கி இறங்கிப் பார்த்தான். அவன் அவனுடையதை மாற்றப்போவதில்லை. அவன் போகும் தடங்களுக்கு அது சரிதான். பெரிய அறை கொண்ட ஏர் ஷாக் ஒன்றை அடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறான், சூட்டை அது கொஞ்சம் தாங்கும்.

இருபது இறக்கம் ஆன பிறகு ஷாக்கைக் கழற்றிப் பார்த்தேன். கீழ்க் கண்ணின் புஷ்ஷில் ஆட்டம் இல்லை, தண்டில் ஒருபக்கத் தேய்மானக் கோடு இல்லை, சீலைச் சுற்றி எண்ணெய் ஈரம் இல்லை. தேய்த்துவைத்த ஸ்பேசர் இருந்த இடத்திலேயே இருந்தது. போல்ட்டைத் திரும்பச் செருகினேன், விரலால் தள்ளியதும் போய் உட்கார்ந்தது.